பேங்க் கொடுக்கும் சிஎஸ்ஆர் பணம்: யார் முடிவெடுக்கிறாங்க, யாருக்குக் கணக்கு சொல்லணும்?



நம்ம சேனல்ல எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட், வீட்டுக் கடன்னு பேசிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு எதுக்கு சிஎஸ்ஆர்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. பேங்க் ஷேர் வச்சிருக்கீங்களா? அப்போ இது உங்க லாபத்திலிருந்து போகிற பணம். உங்க ஊர்ல ஒரு டிரஸ்ட்டோ சொசைட்டியோ நடத்துறீங்களா? அப்போ இது உங்க கைக்கு வரக்கூடிய பணம். ரெண்டுமே இல்லைன்னாலும், உங்க பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளியில கட்டின கழிப்பறை இந்தப் பணத்துல வந்ததா இருக்கலாம். அதனால இதோட விதிமுறையைக் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

முதல்ல ஒரு உண்மைச் சம்பவம். அதிலிருந்தே பாடம் முழுக்க வந்துடும்.

அக்காவின் நகையும் பேங்க்கின் இரண்டாவது தவணையும்

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா தென்மாவட்டத்துல ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துறாங்க. ஆறு இடத்துல மாலை நேரப் படிப்பு மையம். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு டீச்சர், மாசம் 8,000 ரூபாய் சம்பளம். வாடகை, புத்தகம், பசங்களுக்குச் சுண்டல் எல்லாம் சேர்த்து மாசம் ஒரு லட்சம் ரூபாய் செலவு.

ஒரு தனியார் பேங்க் அவங்க சிஎஸ்ஆர்ல ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாசத்துக்கு 10 லட்சம் தர்றதா ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டு தவணை. முதல் 5 லட்சம் ஜூன்ல சரியா வந்துடுச்சு. ரெண்டாவது 5 லட்சம் நவம்பர்ல வரணும். வந்தது மார்ச் 22-ஆம் தேதி!

நடுவுல என்ன ஆச்சு? டீச்சர்கள் சம்பளத்தை நிறுத்த மனசு வரலை. அக்கா தன் சொந்த நகையை வச்சு 2 லட்சம் வாங்கினாங்க. நாலு மாசச் சம்பளம் 1,92,000 அதுல போச்சு. மளிகைக் கடையில கடன். ரெண்டு இடத்துல வீட்டுக்காரங்க வாடகைக்குக் காத்திருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஜனவரியில அந்த ரெண்டு மையமும் மூடியாச்சு.

மார்ச் 22-ல பணம் வந்ததும் கூடவே ஒரு மெயிலும் வந்தது: "மார்ச் 31-க்குள் செலவழிக்காத தொகையைத் திருப்பி அனுப்பவும்." மூடின ரெண்டு மையத்தோட மூணு மாசச் செலவு, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய், திரும்பப் போச்சு. பணம் லேட்டா வந்ததால மையம் மூடியது. மையம் மூடியதால பணம் திரும்பிப் போனது. நகைக் கடன் வட்டி சுமார் 8,000 ரூபாய் இருக்கே, அதைத் திட்டக் கணக்குல காட்ட முடியலை. அது அக்கா கையிலிருந்துதான்.

"பேங்க்காரங்க ஏமாத்திட்டாங்க தம்பி"ன்னு சொல்லித்தான் பேப்பரை எல்லாம் என்கிட்ட கொண்டு வந்தாங்க. உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். யாரும் யாரையும் ஏமாத்தலை. ரெண்டு பக்கமும் விதி தெரியாம, எழுத வேண்டியதை எழுதாம விட்டிருக்காங்க. எங்கெங்கே தப்பு நடந்ததுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அடிப்படையைப் பார்த்துடுவோம்.

1. எல்லா பேங்க்குக்கும் 2% கட்டாயமா?

நிறைய பேர் "எல்லா பேங்க்கும் லாபத்துல 2% கட்டாயம் தரணும்"னு நினைச்சுக்கிறாங்க. அப்படிக் கிடையாது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுதான் சிஎஸ்ஆரைக் கட்டாயமாக்கினது. 2014 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறையில் இருக்கு. முந்தைய நிதியாண்டில் கீழே உள்ள மூணுல ஏதாவது ஒண்ணு பொருந்தினால் அந்தக் கம்பெனி இந்தப் பிரிவுக்குள் வரும்:

- நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்
- விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்
- நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்

இங்கே "கம்பெனி" என்கிற வார்த்தையைக் கவனிங்க. ஹெச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், ஆக்சிஸ் பேங்க் எல்லாம் கம்பெனிகள். நம்ம கும்பகோணத்து சிட்டி யூனியன் பேங்க், கரூர் வைஸ்யா பேங்க், தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கண்டைல் பேங்க் இதுங்களும் கம்பெனிகள். இவங்களுக்கு 135-ஆம் பிரிவு பொருந்தும். இந்தியாவில் கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு பேங்க்குகளுக்கும், வரம்புக்குள் வந்தால், பொருந்தும்.

ஆனா ஸ்டேட் பேங்க் 1955-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் உருவானது. இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், கனரா பேங்க் மாதிரி தேசியமயமாக்கப்பட்ட பேங்க்குகள் 1970, 1980-ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் வருபவை. இவை கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள் இல்லை. அதனால 2% கட்டாயம் இவங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ரிசர்வ் வங்கி 2005 டிசம்பரில் விட்ட சுற்றறிக்கைப்படி, லாபம் ஈட்டும் பேங்க் முந்தைய ஆண்டு வெளியிட்ட லாபத்தில் 1% வரை நன்கொடை தரலாம். ஸ்டேட் பேங்க் தன்னோட கொள்கையிலேயே முந்தைய ஆண்டு நிகர லாபத்தில் 1% சிஎஸ்ஆருக்குன்னு ஒதுக்குது. 2015-ல் எஸ்பிஐ ஃபவுண்டேஷன்னு தனியா ஒரு லாப நோக்கற்ற அமைப்பையும் தொடங்கியது. ஆனா எஸ்பிஐ லைஃப், எஸ்பிஐ கார்ட்ஸ் மாதிரி துணை நிறுவனங்கள் கம்பெனிகள். அவங்களுக்கு 135 பொருந்தும்.

டிரஸ்ட் நடத்துறவங்களுக்கு இதுல என்ன பாடம்? தனியார் பேங்க்குக்குப் போகும்போது சட்டத்தைப் படிங்க. பொதுத்துறை பேங்க்குக்குப் போகும்போது அந்த பேங்க்கோட சிஎஸ்ஆர் கொள்கையைப் படிங்க. ரெண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தைக் காப்பி அடிச்சு அனுப்பாதீங்க.

2. அந்த 2% எப்படிக் கணக்கு போடுறாங்க?

முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2%. ஒரு கற்பனை பேங்க் எடுத்துப்போம்:

- முதல் ஆண்டு லாபம்: 300 கோடி
- இரண்டாம் ஆண்டு: 360 கோடி
- மூன்றாம் ஆண்டு: 420 கோடி
- மொத்தம் 1,080 கோடி. சராசரி 360 கோடி
- அதில் 2% = 7 கோடியே 20 லட்சம்

பேப்பர்ல வர்ற நிகர லாபத்தை வச்சு நீங்க கணக்கு போட்டா பொருந்தாது. கம்பெனிச் சட்டத்தின் 198-ஆம் பிரிவு சொல்ற முறையில்தான் லாபத்தைக் கணக்கிடணும். அதில் வருமான வரியைக் கழிப்பதற்கு முந்தைய தொகைதான் வரும்.

இன்னொண்ணு. இந்தச் செலவை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது. 2014-லேயே வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி அதை அடைச்சுட்டாங்க. ஆகவே இது முழுக்க ஷேர்ஹோல்டருக்குச் சேர வேண்டிய லாபத்திலிருந்து போற பணம். உங்க எஃப்டி வட்டியில கை வைக்கிறதில்லை, கவலைப்படாதீங்க. ஆனா ஷேர் வச்சிருந்தா, "என் பணம் எங்கே போச்சு?"ன்னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

3. முடிவெடுக்கிறது யார்? நாலு படி

கிளை மேனேஜர்கிட்ட மனு கொடுத்தா வேலை நடந்துடும்னு நினைக்கிறோம். அவர் சிபாரிசு பண்ணலாம். முடிவு அவர் கையில் இல்லை. அரசாங்கமும் திட்டத்துக்குத் திட்டம் அனுமதி கொடுக்கிறதில்லை. சட்டம் இந்தப் பொறுப்பை பேங்க்கோட போர்டு தலையில் வச்சிருக்கு.

முதல் படி, சிஎஸ்ஆர் கமிட்டி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டைரக்டர்கள். அதில் ஒருவராவது சுயேச்சை டைரக்டரா இருக்கணும். கொள்கையைத் தயாரிச்சு, ஆண்டுச் செயல்திட்டத்தை போர்டுக்குப் பரிந்துரைக்கிறது இவங்க வேலை. என்னென்ன திட்டங்கள், எப்படி நடத்தப் போறோம், பணத்தை எப்போது எப்படிக் கொடுக்கப் போறோம், யார் கண்காணிப்பாங்க என்பதெல்லாம் அந்தச் செயல்திட்டத்தில் இருக்கணும். (வருஷச் சிஎஸ்ஆர் கடமை 50 லட்சத்தைத் தாண்டாத சின்ன கம்பெனிகளுக்குத் தனிக் கமிட்டி தேவையில்லை, போர்டே பார்த்துக்கலாம்.)

இரண்டாம் படி, போர்டு. கொள்கையையும் திட்டங்களையும் அங்கீகரிக்கணும். பணத்தைக் கொடுத்ததோட வேலை முடியாது. அங்கீகரித்த நோக்கத்துக்கே, அங்கீகரித்த விதத்திலேயே செலவாச்சுன்னு போர்டு திருப்தி அடையணும்னு விதி சொல்லுது.

மூன்றாம் படி, தலைமை நிதி அதிகாரி. அந்தச் செலவு அப்படித்தான் நடந்ததுன்னு இவர் கையெழுத்துப் போட்டுச் சான்று தரணும். டிரஸ்ட்காரங்க "எதுக்கு இத்தனை பில் கேட்கிறாங்க"ன்னு அலுத்துக்கிறதுக்கு விடை இங்கேதான் இருக்கு. நீங்க கொடுக்கிற பில்லை நம்பித்தான் அவர் தன் பேரைப் போட்டுக் கையெழுத்து வைக்கிறார்.

நான்காம் படி, நடத்தும் அமைப்பு. அதாவது டிரஸ்ட், சொசைட்டி, அல்லது லாப நோக்கற்ற பிரிவு 8 கம்பெனி. களத்தில் வேலை பார்க்கிறது இவங்கதான்.

4. எந்த டிரஸ்ட்டுக்குக் கொடுக்கலாம்?

2021 ஏப்ரல் 1 முதல், சிஎஸ்ஆர்-1 என்கிற படிவத்தைத் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கின அமைப்புக்குத்தான் புதுத் திட்டம் தர முடியும். பட்டயக் கணக்காளர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் இவங்கள்ல தொழில் செய்யும் ஒருவர் அதைச் சரிபார்த்து டிஜிட்டல் கையெழுத்து போடணும்.

பேங்க்கோட சம்பந்தமில்லாத ஒரு வெளி டிரஸ்ட் என்றால் இவ்வளவும் வேணும்:

- பதிவு பெற்ற பொது டிரஸ்ட், சொசைட்டி அல்லது பிரிவு 8 கம்பெனியாக இருக்கணும்
- வருமான வரியில் 12ஏ, 80ஜி பதிவு நடப்பில் இருக்கணும்
- அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்கணும்
- சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்கணும்

நேத்து பதிவு பண்ணின டிரஸ்ட்டுக்கு இன்னைக்குப் பணம் கிடைக்காது. "ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிக் கொடுத்து பேங்க் ஃபண்டும் வாங்கித் தர்றேன்"னு யாராவது கமிஷன் கேட்டா, அந்த மூணு வருஷ அனுபவத்தை எங்கிருந்து கொண்டு வருவார்னு கேளுங்க. பதிவு எண் இருக்கிறது தகுதி மட்டும்தான். பணத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

அந்த மூன்றாண்டு நிபந்தனை பேங்க்கே தொடங்கின சொந்த ஃபவுண்டேஷனுக்கு இல்லை. பல பேங்க்குகள் அப்படித்தான் நடத்துறாங்க. ஆக்சிஸ் பேங்க் ஃபவுண்டேஷன் 2006-லும், ஐசிஐசிஐ ஃபவுண்டேஷன் 2008-லும் வந்தவை. சொந்த ஃபவுண்டேஷன் இருந்தா நிபுணர்களை வேலைக்கு வச்சு நீண்ட காலத் திட்டம் நடத்தலாம். அது நல்ல பக்கம். கொடுக்கிற கையும் வாங்குற கையும் ஒரே உடம்பில் இருக்கிறது கவனிக்க வேண்டிய பக்கம். கணக்கு கேட்கிறவரே கணக்கு சொல்றவராகவும் இருந்துடக் கூடாது.

இதுக்கு அமைச்சகம் ஒரு கடிவாளம் போட்டிருக்கு. கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகம் 2021 ஆகஸ்டில் கொடுத்த விளக்கப்படி, நடத்தும் அமைப்புக்குப் பணத்தை மாத்திட்டா மட்டும் அது "செலவு" ஆகிவிடாது. அந்த அமைப்பு உண்மையில் செலவழிச்சால்தான் கணக்கு. மார்ச் 31 ராத்திரி சொந்த ஃபவுண்டேஷன் கணக்குல 5 கோடியைப் போட்டு "முடிஞ்சது"ன்னு சொல்ல முடியாது. மூலதன நிதிக்கு, அதாவது கார்ப்பஸுக்கு, கொடுக்கிறதும் இப்போ சிஎஸ்ஆர் ஆகாது.

5. செலவாகாத பணம் எங்கே போகும்?

2021-க்கு முன்னாடி, செலவு பண்ணலைன்னா காரணம் எழுதினாப் போதும். 2021 ஜனவரி 22 முதல் கதை மாறிடுச்சு. இப்போ ரெண்டு வழி.

பல ஆண்டுத் திட்டம்: போர்டு "தொடர் திட்டம்"னு அங்கீகரித்திருந்தால், மீதிப் பணத்தை நிதியாண்டு முடிஞ்ச 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், ஒரு ஷெட்யூல்டு பேங்கில் செலவிடப்படாத சிஎஸ்ஆர் தொகைக்கான தனிக் கணக்கில் போடணும். அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். அப்போதும் மீந்தால், மூன்றாம் ஆண்டு முடிஞ்ச 30 நாளுக்குள் அட்டவணை 7-ல் சொல்லியிருக்கும் நிதி ஒன்றுக்குப் போகும்.

மற்ற திட்டங்கள்: கட்டாயத் தொகையில் செலவாகாத மீதி ஆறு மாசத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பிரதமரின் தேசிய நிவாரண நிதி மாதிரி அட்டவணை 7 நிதிக்குப் போயிடணும்.

தவறினால் கம்பெனிக்கு அபராதம்: மாற்ற வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, இதில் எது குறைவோ அது. பொறுப்பான அதிகாரிக்கு: அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது. மார்ச் மாசம் பேங்க் சிஎஸ்ஆர் டீம் ஏன் பதறுதுன்னு இப்போ புரியுதா?

6. எதெல்லாம் சிஎஸ்ஆர் ஆகாது?

- பேங்க்கோட வழக்கமான தொழில்
- விளம்பர ஆதாயத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்
- தன் ஊழியர்களுக்கு மட்டும் பலன் தரும் வேலை
- அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை
- வேற சட்டப்படி செய்தே ஆக வேண்டிய கடமை
- இந்தியாவுக்கு வெளியே நடக்கும் வேலை (தேசிய அளவில் மாநிலத்தையோ, சர்வதேச அளவில் இந்தியாவையோ பிரதிநிதித்துவப்படுத்தும் விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி மட்டும் விலக்கு)

முதல் ரெண்டும் பேங்க் விஷயத்தில் ரொம்ப முக்கியம். கிராமத்துல "நிதி விழிப்புணர்வு முகாம்" நடக்குது. வந்தவங்களுக்கு கணக்கு வழக்கு, மோசடி போன் கால், வட்டி பத்திச் சொல்லிக் கொடுத்தா அது பொதுநலம். முகாம் முடிவுல அதே பேங்க்ல அக்கவுண்ட், இன்ஷூரன்ஸ், லோன்னு ஃபார்ம் நீட்டினா அது வியாபாரம். வியாபாரம் தப்பில்லை, அந்தச் செலவை சிஎஸ்ஆர் கணக்குல எழுதுறதுதான் பிரச்சினை. பேங்க்கோட பணத்துல நடக்கிற முகாமில் ஆள் பிடிச்சுத் தரும் வேலையை உங்க டிரஸ்ட் ஏத்துக்காதீங்க. ஊர்மக்கள் உங்க முகத்தை நம்பித்தான் கையெழுத்து போடுவாங்க. நாளைக்கு ஏதாவது ஆனா பதில் சொல்றது நீங்கதான்.

நல்ல உதாரணமும் சொல்லணுமில்லையா? கர்நாடகாவின் உஜிரேயில் 1982-ல் தர்மஸ்தலா மஞ்சுநாதேஸ்வரா கல்வி டிரஸ்ட்டும் சிண்டிகேட் பேங்க், கனரா பேங்க்கும் சேர்ந்து ருட்செட்டி என்கிற சுயதொழில் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினாங்க. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி. சிஎஸ்ஆர் சட்டம் வர்றதுக்கு முப்பது வருஷம் முன்னாடி! பிறகு மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதே மாதிரியை வச்சுத்தான் ஆர்செட்டி நிலையங்களை நாடு முழுக்கப் பரப்பியது. பேங்க்கும் டிரஸ்ட்டும் யார் என்ன செய்யணும்னு பிரிச்சுக்கிட்டு பல வருஷம் சேர்ந்து நின்னா என்ன நடக்கும்கிறதுக்கு இது சாட்சி.

7. அந்த 5% குழப்பம்

"நிர்வாகச் செலவு 5%-க்கு மேல் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, அதனால டீச்சர் சம்பளத்தைக் குறைங்க"ன்னு சில டிரஸ்ட்களுக்குப் பதில் வருது. இது விதியைத் தப்பாப் புரிஞ்சுக்கிறது.

அந்த 5% வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதுக்குள் வராது. மாலை நேர மையத்துக்கு டீச்சர் சம்பளம்தான் திட்டமே! ஆகவே சம்பளம், களப் பயணம், கணக்கு எழுதுறவருக்கான தொகை எல்லாத்தையும் ஆரம்பத்திலேயே திட்ட பட்ஜெட்டில் பேர் போட்டுத் தனித்தனியா எழுதிடுங்க. எழுதாம விட்டதைப் பிறகு நுழைக்க முடியாது.

8. இப்போ அக்கா கதைக்குத் திரும்புவோம்

மூணு இடத்துல கோளாறு.

முதலாவது, அக்கா பக்கம். முதல் 5 லட்சத்தில் 20,000 ரூபாய் தலைமை அலுவலகக் கரண்ட் பில்லுக்கும் ஆடிட்டர் ஃபீஸுக்கும் போயிருக்கு. டிரஸ்ட்டுக்கு அவசியமான செலவுதான், ஆனா பட்ஜெட்டில் அந்தத் தலைப்பே இல்லை. திட்டத்துக்குத் தனி பேங்க் கணக்கும் இல்லை. எல்லா நன்கொடையும் ஒரே கணக்குல கலந்து கிடந்தது. நிதி அதிகாரி எப்படிக் கையெழுத்து போடுவார்?

இரண்டாவது, பேங்க் பக்கம். அக்கா அக்டோபரிலேயே பில்களை அனுப்பிட்டாங்க. பயன்பாட்டுச் சான்றிதழில் ஆடிட்டர் கையெழுத்து இல்லைன்னு பேங்க் சொன்னது ஜனவரியில். நடுவுல பொறுப்பு அதிகாரி மாறிட்டார்; புதுசா வந்தவருக்கு ஃபைல் எங்கேன்னு தெரியலை. "எத்தனை நாளுக்குள் குறை சொல்லணும், எத்தனை நாளுக்குள் பணம் தரணும்" என்கிற வரியே ஒப்பந்தத்தில் இல்லை. டிரஸ்ட்டுக்கு எட்டு நிபந்தனை இருந்துச்சு. பேங்க்குக்கு ஒண்ணுகூட இல்லை.

மூன்றாவது, ரெண்டு பேருமே. இதை ஒரு வருஷத் திட்டமா எழுதிட்டாங்க. தொடர் திட்டம்னு போர்டு அங்கீகரித்திருந்தால், அந்த ஒரு லட்சம் செலவிடப்படாத தொகைக்கான கணக்கில் இருந்து, ஜூன்ல மறுபடி அதே பசங்களுக்கே செலவாகியிருக்கும்.

அடுத்த வருஷம் அதே பேங்க்கோட பேசி மூணு வரி சேர்க்கச் சொன்னோம். கணக்கு கிடைச்ச 15 நாளுக்குள் குறை சொல்லணும். எல்லாம் சரியா இருந்தா 30 நாளுக்குள் தவணை தரணும். இரண்டாவது தவணையை, முதல் தவணையில் 75% செலவானதுமே கேட்கலாம். பேங்க்கோட புது அதிகாரி மறுப்பே சொல்லலை. "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே மேடம்"னாராம்! மூடின ரெண்டு மையத்தில் ஒண்ணு மறுபடி திறந்தது. இன்னொண்ணுக்கு இடம் கிடைக்கலை. அங்கே படிச்ச பசங்க எங்கே போனாங்கன்னு அக்கா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

9. நீங்க என்ன செய்யணும்?

ஷேர் வச்சிருக்கிறவங்க, ஆண்டு அறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பை எடுத்து இதைப் பாருங்க:

- கமிட்டி எத்தனை முறை கூடியது, ஒவ்வொரு டைரக்டரும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார். இதுக்குத் தனிப் பட்டியலே இருக்கும்.
- கட்டாயத் தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எங்கே போச்சு.
- முந்தைய மூன்று ஆண்டின் செலவாகாத தொகை குறையுதா, கூடிக்கிட்டே போகுதா.
- தாக்க மதிப்பீட்டு அறிக்கை இருக்கா. மூன்றாண்டு சராசரிக் கடமை 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனி, ஒரு கோடி அல்லது அதற்கு மேல் செலவிட்ட திட்டங்களை, அவை முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, வெளி அமைப்பை வச்சு மதிப்பிடணும்.
- கமிட்டி உறுப்பினர்கள், கொள்கை, அங்கீகரித்த திட்டங்கள் மூணும் பேங்க் இணையதளத்தில் இருக்கா. இருக்கணும்னு விதி.

சந்தேகம் இருந்தா ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்க. பத்து ஷேர் வச்சிருந்தாலும் கேட்கலாம்.

டிரஸ்ட் நடத்துறவங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி:

- திட்டத்துக்குன்னு தனி பேங்க் கணக்கு, தனி லெட்ஜர் தொடங்குங்க.
- ஒரு வருஷத் திட்டமா, தொடர் திட்டமான்னு எழுத்தில் வாங்குங்க.
- தவணைத் தேதி, குறை சொல்லும் கெடு ரெண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க.
- பொறுப்பு அதிகாரி மாறினால் அடுத்து யாரைத் தொடர்பு கொள்ளணும்னு கேட்டு வைங்க.
- ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணம் மாத்தணும்னா முன் அனுமதி எப்படி வாங்கணும்னு கேளுங்க.
- உங்க டிரஸ்டிக்கோ அவர் சொந்தக்காரருக்கோ வாடகை, சப்ளை பணம் போகுதுன்னா முதல்லயே சொல்லிடுங்க. பிறகு தெரிஞ்சா நியாயமான வாடகையும் சந்தேகமாத்தான் தெரியும்.
- மூணு மாசச் சம்பளத்துக்காவது கையிருப்பு இல்லாம ஒரே பேங்க் பணத்தை நம்பி மையம் திறக்காதீங்க.

கடைசிப் பாயிண்ட்டைத் திரும்பப் படிங்க. வீட்டுக்கு அவசரகால நிதி வேணும்னு நம்ம சேனல்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! டிரஸ்ட்டுக்கும் அதேதான். அது இல்லாத இடத்துலதான் ஒரு அக்காவோட நகை அடகுக்கடைக்குப் போச்சு.

ஒப்பந்தத்தின் வார்த்தைகளுக்கு உங்க ஆடிட்டர்கிட்டயோ வக்கீல்கிட்டயோ ஒரு தடவை காட்டிட்டுக் கையெழுத்து போடுங்க. விதிகள் அடிக்கடி திருத்தப்படுது. நீங்க விண்ணப்பிக்கிற வருஷத்தில் என்ன நடைமுறைன்னு பார்த்துக்கோங்க. பட்ஜெட் தலைப்புகளை எப்படிப் பிரிச்சு எழுதுறதுன்னு அடுத்த வீடியோவுல ஒரு மாதிரி ஷீட் போட்டுக் காட்டுறேன். உங்க ஊர்ல டிரஸ்ட் நடத்துற யாராவது இருந்தா, இந்தப் பதிவை அவங்களுக்கு இன்னைக்கே அனுப்புங்க. கையெழுத்து போட்ட பிறகு படிச்சா பிரயோஜனம் இல்லை.